விலை நன்றாக இருக்கும்போதே செடியை நடுங்கள்!

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 2001-இல் அது 50 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. 2019-இல் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. பிரேசிலில் வானம் பொய்த்தால் சேர்வராயன் மலையில் விலை ஏறுகிறது. அப்படியானால் அந்த மலையின் தலைச்சோலை, நாகலூர் பக்கத்துச் சிறு விவசாயிக்கு யோகம்தானே?

செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கிலோ காபிக்கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். ஒரே செடியில் பழம் ஒரே நாளில் பழுக்காது. சுற்றுச் சுற்றாகப் பறிக்க வேண்டும். கூலி இல்லாமல் ஒரு பழமும் கூடைக்கு வராது. மார்ச், ஏப்ரலில் பூ மழை தவறினால் அடுத்த மகசூலே போச்சு. பழத்தைத் தோலுரிக்கும் பல்பரில் போட்டு, உள்தோலோடு காய்ந்த பார்ச்மென்ட்டாக்கினால் நல்ல விலை. வெயிலில் முழுப் பழமாகவே காயவைத்த செர்ரிக்கு அதைவிடக் குறைவு. பல்பரும் தண்ணீரும் இல்லாதவர் என்ன செய்வார்? பழமாகவே வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். ஏறிய விலையில் பெரும்பங்கு அங்கேயே கைமாறிவிடுகிறது.

காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுதான் பல வீடுகளில் மோசமான வருஷத்தைத் தாங்குகிறது.

என் பயமெல்லாம் நிலத்தைப் பற்றியது. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அது புகுந்த செடியைப் பிடுங்கி எரித்தே ஆக வேண்டும். மாற்றாக நட்ட கன்று காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரை வருமானம் இல்லாத அந்த இடத்தைத்தான் ரிசார்ட் கட்ட வருபவர் விலை பேசுகிறார். சுற்றுலா வந்தால் மலைப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பார்கள், கிடைக்கும்தான். ஆனால் நிழல் மரத்தை வெட்டி, சரிவை வெட்டிக் காட்டேஜ் கட்டிய இடத்தில் மறுபடி காபி வராது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வேர்விட்ட பயிர், இலைத்துரு நோயையும் விலைச் சரிவுகளையும் தாண்டி நின்றது. கான்கிரீட்டைத் தாண்டாது.

ஆகவே நல்ல விலையில் வந்த பணத்தில் முதல் பங்கு கன்றுக்குப் போகட்டும். நாலைந்து சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பல்பர் வாங்கட்டும். ஏறிய காபி விலை ஒவ்வொரு முறையும் இறங்கத்தான் செய்திருக்கிறது. அன்றைக்குத் தோட்டத்தை விற்காமல் இருக்க இன்றைக்கே வழி தேட வேண்டும்.