இலங்கையில் இல்லாத பறவைக்கு இலங்கைப் பெயர்

ஆற்றோரப் புதர்களில் உரக்கவும் இனிமையாகவும் பாடும் பறவை ஒன்று உண்டு. மலாய் மொழியில் அதன் பெயர் 'பாராவ்-பாராவ்'. தலை வைக்கோல் நிறம், கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு, மீசைபோல் இன்னொரு கோடு. சுமார் 29 சென்டிமீட்டர் நீளம் வளரும் இது, புல்புல் குடும்பத்தில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று. நம் வீட்டு வேலியில் வந்து உட்காரும் மெர்பா கப்பூருக்கு இது நெருங்கிய உறவு.

இதன் அறிவியல் பெயர் 'பிக்னோநோட்டஸ் சைலானிக்கஸ்'. சைலானிக்கஸ் என்றால் 'சிலோனைச் சேர்ந்தது' என்று பொருள். ஆனால், இந்தப் பறவை இலங்கையில் வாழ்வதே இல்லை. மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவையே இதன் தாயகம். தெற்குத் தாய்லாந்திலும் முன்பு இருந்தது.

பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது? 1789ல் ஜெர்மானிய அறிஞர் கிமெலின் இதற்குப் பெயர் வைத்தார். பிறர் எழுதியவற்றைத் தொகுத்தே அவர் பல உயிரினங்களுக்குப் பெயர் சூட்டினார். அப்போது இதன் ஊர் தவறாகச் சிலோன் என்று பதிவாகிவிட்டது. அவர் இதைப் பூங்குருவிகளின் பேரினமான 'டர்டஸ்' என்பதிலும் சேர்த்திருந்தார்.

அந்த இரண்டு தவறுகளில் ஒன்றுதான் திருத்தப்பட்டது. உறவுமுறை தெளிவானதும் பறவை புல்புல் பேரினமான 'பிக்னோநோட்டஸ்' என்பதற்கு மாற்றப்பட்டது. அதனால் பெயரின் முதற்பகுதி மாறியது. இரண்டாம் பகுதி அப்படியே நின்றுவிட்டது. முறைப்படி முதலில் சூட்டிய பெயரே செல்லும், பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதை மாற்றக்கூடாது என்பது விலங்குப் பெயரிடலின் அனைத்துலக விதி. ஆளுக்கு ஆள் திருத்தத் தொடங்கினால், எந்தப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதே குழம்பிப்போகும்.

இந்த விதி ஏட்டோடு நிற்பதில்லை. பாட்டுக்காகக் கூண்டில் அடைக்கப்பட்டே இந்தப் பறவை அருகிவிட்டது. ஜாவாவிலும் தாய்லாந்திலும் காட்டில் இது அற்றுப்போய்விட்டதாகக் கருதப்படுகிறது. 2018ல் இது 'மிக ஆபத்தான நிலை' என்ற பட்டியலுக்குச் சென்றது. இன்று சிங்கப்பூர், குறிப்பாகப் புலாவ் உபின் தீவு, இதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்று.

சந்தையில் இதற்குப் பெயர்கள் பல. இங்கே பாராவ்-பாராவ், இந்தோனேசியாவில் சுச்சாக் ராவா. சைட்டிஸ் என்னும் அனைத்துலக வணிக உடன்படிக்கையோ அறிவியல் பெயரில்தான் பட்டியலிடுகிறது. 2022ல் இந்தப் பறவை அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்ததை விற்பனைக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோவது இப்போது தடை. எந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும், அதிகாரிகள் பார்ப்பது சைலானிக்கஸ்தானா என்பதைத்தான்.

கூண்டுப் பறவை வாங்க நினைப்பவர்கள், அது எங்கிருந்து வந்தது, உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மலேசியாவில் பெர்ஹிலித்தானிடமும் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திடமும் தெரிவிக்கலாம்.