விளியில் அடங்கிய அன்பு

இத்தாலிய மொழியில் அன்பைச் சொல்ல இரு தொடர்கள் உண்டு. 'தீ ஆமோ' என்பது பெரும்பாலும் காதலர்க்கு உரியது. தாய் மகனுக்கும், தோழன் தோழனுக்கும் கூறுவது 'தீ வோல்யோ பேனே'. 'உனக்கு நன்மையை விழைகிறேன்' என்பது அதன் நேர்ப்பொருள். குழந்தையைத் 'தெசோரோ' என்பர், அதாவது புதையல். நம் 'தங்கமே'க்கு அது உடன்பிறப்பு.

இவ்விரண்டாம் தொடரைத் தமிழாக்குவோர் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று எழுதிவிடுகின்றனர். எங்கள் கிண்ணியாவில் எந்தத் தாயும் அவ்வாறு பேசி நான் கேட்டதில்லை. கடலுக்குப் போகும் மகனிடம் அவள், "கவனமாப் போ வாப்பா" என்பாள். மகளாயின் "உம்மா" என்பாள். பெற்ற பிள்ளையையே தந்தையாகவும் தாயாகவும் ஏற்றிவைத்து அழைக்கும் இவ்வழக்கில், அன்பு முழுவதும் விளியிலேயே அடங்கிவிடுகிறது. வினைச்சொல்லுக்கு அங்கே வேலையில்லை. (பயனிலை தேடும் இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க!)

1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியாரின் 'கொஸ்தான்சோ' என்னும் பெயர் மன உறுதியைக் குறிப்பது. தமிழ்நாட்டில் அது ஒலிபெயராமல், பொருள்பெயர்ந்து 'தைரியநாதர்' ஆயிற்று. பின்னர் அவரே வீரமாமுனிவர். மொழிபெயர்ப்பாளர்க்கும் அவ்வழியே நன்று. இத்தாலியக் கதையின் அன்னை 'தீ வோல்யோ பேனே' என்று மகனை வழியனுப்பும் இடத்தில், நானாயின் "பாத்துப் போ, ராசா" என்றே எழுதுவேன். கிண்ணியா வாசகர்க்கென்று எழுதினால், 'ராசா' இருக்குமிடத்தில் 'வாப்பா' வந்துவிடும்.