சாளரத்தில் ஒரு விளக்கு

நாம் வாழும் ரொறன்ரோ மாநகரின் ஏரிக்கரையில் அயர்லாந்துப் பூங்கா என்றொரு சிறிய நினைவிடம் உண்டு. எலும்பும் தோலுமாய் மெலிந்த வெண்கல உருவங்கள் சில அங்கே நிற்கின்றன. 1847 இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அயர்லாந்து மக்களின் நினைவாக 2007 இல் அது திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்த இந்நகரில் அந்த ஓராண்டில் வந்திறங்கியோர் 38,000 இற்கும் மேல். அவர்களில் 1,100 இற்கும் அதிகமானோர் காய்ச்சலில் மாண்டனர்.

1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் பரவிய நோயும் ஆட்சியாளரின் அலட்சியமும் சேர்ந்து சுமார் பத்து இலட்சம் உயிர்களைப் பலிகொண்டன. அதற்கும் மேற்பட்டோர் தாயகத்தை விட்டு வெளியேறினர். ஒருவர் அமெரிக்காவுக்குப் புறப்படும் முன்னிரவில் அவர் வீட்டில் ஊர் கூடும். இறந்தவருக்குச் செய்வதுபோல விடியும்வரை விழித்திருக்கும். உயிரோடிருப்பவருக்கு நடந்த செத்தவீடு அது. 1841 இல் 82 இலட்சமாக இருந்த அத்தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவை எட்டவில்லை.

பொஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் முதல் தலைமுறையினர் ஏழைகள் என்றும் கத்தோலிக்கர் என்றும் இகழப்பட்டனர். பலர் ஐரிஷ் மொழி பேசியவர்கள். ஆனால், பிள்ளைகளின் பிழைப்பைக் கருதி ஆங்கிலத்தையே வீட்டிலும் பேசினர். 1960 இல் வெக்ஸ்ஃபோர்ட்டிலிருந்து சென்ற ஒருவரின் கொள்ளுப்பேரனான கென்னடி அமெரிக்காவின் சனாதிபதியாகத் தெரிவானார். ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட பூர்வீகம் பெருமைக்குரியதாயிற்று. இசையும் பற்றிக் திருநாள் ஊர்வலமும் நிலைத்தன. மொழி மட்டும் மீளவில்லை.

தாயகமும் மெல்லவே மாறியது. 1990 இல் சனாதிபதியான மேரி றொபின்சன், புலம்பெயர்ந்தோர் நினைவாகத் தம் மாளிகைச் சாளரத்தில் விளக்கொன்றை ஏற்றிவைத்தார். 1998 இல் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாடுகளில் வாழும் தம் வழித்தோன்றல்களுடனான உறவைப் போற்றுவதாக உரைத்தது. பேரன் பேத்தியரும் குடியுரிமை கோர முடிகிறது. 2008 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வெளியேறிய இளைஞருக்கோ தாயகம் தொலைபேசித் திரையிலேயே இருந்தது. அவர்களின் ஏக்கம் வேறு. கொள்ளுப்பேரர்களின் ஏக்கம் வேறு.

அடையாளம் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதில் எதையோ விடுகிறது, எதையோ தேடி எடுக்கிறது. விட்டவற்றுள் மொழியே மீட்க அரியது என்பதை அயர்லாந்து மக்களின் வரலாறு எமக்குக் காட்டுகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் எமது பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வோம். கல்லில் பொறித்திருக்கும் பெயர்களை அவர்கள் வாசிக்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்வோம்.