மூன்று புள்ளி போதும்

உயரம் வேறுவேறான மூன்று டப்பாக்களைத் தரையில் முக்கோணமாக வையுங்கள். மேலே பரீட்சை அட்டையை வைத்து ஒரு மூலையை மெல்லத் தட்டுங்கள். அட்டை சரிந்திருக்கும், ஆனால் ஆடாது. இப்போது நாலாவதாக ஒரு டப்பாவைச் செருகினால்? பெரும்பாலும் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் அவற்றின் மேல் ஒரு சமதளம் கச்சிதமாகப் படியும். நாலாவது புள்ளி அந்தத் தளத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ போனால் தொல்லைதான். கல் அடுப்புக்கு மூன்று கல் வைப்பது இதனால்தான்.

இந்த வடிவக் கணக்கை வீட்டு மேசைக்குள் ஒளித்து வைத்தவர் இசாமு நொகுச்சி. 1904இல் அமெரிக்காவில் பிறந்த சிற்பி. அப்பா ஜப்பானியக் கவிஞர். 1940களில் அவர் செய்த மேசைக்கு இரண்டே மரத்துண்டுகள். இரண்டும் ஒரே வடிவம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு முளையால் கோத்தார். அது தரையில் மூன்று இடங்களில் ஊன்றி நிற்கும். மேலே மூன்று இடங்களில் கனமான கண்ணாடியைத் தாங்கும். கண்ணாடி நழுவாமல் இருக்க ஆணி அடிக்கவில்லை. அதன் எடையே போதும். நாற்காலி, மேசைகளில் இவ்வளவு புத்திசாலித்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை!

1951இல் நொகுச்சி ஜப்பானின் கிஃபு நகரில் காகித விளக்கு செய்பவர்களைச் சந்தித்தார். மூங்கில் சிம்புகளின் மேல் முசுக்கட்டை மரப்பட்டை நாரில் செய்த காகிதத்தை ஒட்டுவார்கள். உள்ளே மின்விளக்கு எரிந்தால் காகிதத்தின் நார்கள் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும்; கண் கூசாது. அதே முறையில் அவர் உருவாக்கிய விளக்குகளை அமுக்கினால் தட்டையாக மடிந்துவிடும்.

சிற்பம் என்றால் எட்ட நின்று பார்ப்பது என்பதை அவர் ஏற்கவே இல்லை. டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ஜந்தர் மந்தர் தெரியுமா? சூரிய நிழலைக் கொண்டு நேரம் அறியக் கட்டிய பெரிய பெரிய கல் கருவிகள். இந்தியாவுக்கு வந்தபோது அவற்றின் படிகளும் வளைவுகளும் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டன. பிற்காலத்தில் அவற்றிலிருந்து பிறந்தது ஒரு சறுக்குமரம். கருங்கல்லில் செய்த ஒன்று ஜப்பானின் சப்போரோ நகரப் பூங்காவில் நிற்கிறது. முதுகுப்பக்கம் படியேறி, சுருண்டு இறங்கும் பள்ளத்தில் குழந்தைகள் வழுக்கி வருகிறார்கள். சிற்பம்தான், ஆனால் யாரும் தொடாதே என்று சொல்வதில்லை.