நாற்பது லாரியும் ஒரு கூட்டல் கணக்கும்

இன்னைக்கு ஒரே கேள்விதான். ஒரு புரோகிராம் தப்பு பண்ணவே பண்ணாதுன்னு, அதை ஓட்டிப் பார்க்காமலே நிரூபிக்க முடியுமா?

காத்திவாக்கம் பக்கம் இருக்கறவங்களுக்கு கன்டெய்னர் லாரி வரிசை புதுசில்ல. அதை வச்சே ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு யார்டுல 40 லாரிக்குத்தான் இடம். கேட்டை இயக்கற புரோகிராம் ரெண்டு எண்ணை ஞாபகம் வச்சிருக்கு: ‘உள்ளே’, ‘காலி’. ஆரம்பத்துல உள்ளே 0, காலி 40. காலி குறைஞ்சது 1 இருந்தாத்தான் கேட் திறக்கும். லாரி நுழைஞ்சா உள்ளே ஒண்ணு கூடும், காலி ஒண்ணு குறையும். வெளியே போனா தலைகீழ். ‘உள்ளே’ எப்பவாவது 40-ஐத் தாண்டுமா?

டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். ஆனா லாரி வர்றதும் போறதும் எத்தனை விதமா நடக்கலாம்? அதுக்கு முடிவே இல்ல. அதனால சரிபார்க்கற கருவி வேற வழியில போகுது. “ரெண்டாவது லாரி நுழைஞ்சதுமே 40-ஐத் தாண்டிடுச்சுன்னு வச்சுப்போம், அது நடக்குமா?”ன்னு கேட்குது. நடக்காது. ஏன் நடக்காதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

கதையை நடுவுல வெட்டுவோம். முதல் லாரி நுழையற வரைக்கும் முதல் பாதி. ரெண்டாவது லாரி நுழைஞ்சு தப்பு நடக்கறது பின் பாதி. ரெண்டும் ஒத்துப்போகாது. இப்படி ரெண்டு பாதி முரண்பட்டா, நடுவுல ஒரு வாக்கியம் கண்டிப்பா இருக்கும்னு 1957-ல வில்லியம் கிரெய்க் என்ற தர்க்கவியலாளர் காட்டினார். அந்த வாக்கியம் முதல் பாதியிலிருந்து கிடைக்கும், பின் பாதியோட மோதும், ரெண்டுக்கும் பொதுவான சொற்களை மட்டும்தான் பயன்படுத்தும். அதுக்குப் பேர் இன்டர்போலன்ட். 2003-ல கென்னத் மெக்மில்லன் இதைச் சரிபார்ப்பு வேலைக்குக் கொண்டு வந்தார்.

நம்ம கணக்குல அது என்ன? முதல் பாதியில இருக்கற சமன்பாடுகளை அப்படியே கூட்டுங்க: உள்ளே + காலி ≤ 40. பின் பாதி என்ன கேட்குது? காலி குறைஞ்சது 1, உள்ளே குறைஞ்சது 40. கூட்டினா 41. நாற்பதுக்குள்ள நாற்பத்தொண்ணு அடங்காது, முடிஞ்சுது.

இதுதான் நேரியல் கணக்கோட வசதி. கூட்டலும், ஒரு நிலையான எண்ணால பெருக்கறதும் மட்டும் இருந்தா, முரண்பாட்டை இப்படிக் கூட்டியே வெளியே கொண்டு வந்துடலாம். 1902-லயே ஃபார்கஷ் என்ற ஹங்கேரியர் இதை நிரூபிச்சுட்டார். முழு எண் மாறிகளை ஒண்ணோட ஒண்ணு பெருக்க ஆரம்பிச்சா, எல்லாக் கணக்குக்கும் பதில் சொல்ற பொது வழிமுறை இருக்கவே முடியாது. அது 1970-ல உறுதியாச்சு.

ஒரு சிக்கல் இருக்கு. “உள்ளே ≤ 1” கூட சரியான இன்டர்போலன்ட்தான். ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டா அடுத்த லாரிக்கு 2, அதுக்கடுத்து 3னு கருவி எண்ணிட்டே கிடக்கும். “உள்ளே + காலி ≤ 40” அப்படியில்ல. எந்த லாரி வந்தாலும் போனாலும் அது மாறாது. ஒரு பாதையில கிடைச்ச காரணம் எல்லாப் பாதைக்கும் பொருந்துது. அதனால எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கணும்கறதுதான் இந்தத் துறையோட பெரிய தலைவலி.

இதுல நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில படிச்ச ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பாலோட சேர்ந்து மைக்ரோசாஃப்ட்ல ‘ஸ்லாம்’ கருவியை உருவாக்கினார். விண்டோஸ் கம்ப்யூட்டரை நீலத்திரையில நிறுத்தற டிரைவர் பிழைகளைத் தேடறதுக்கு அது பயன்பட்டுச்சு. ஒரு எச்சரிக்கை பொய்யா இருந்தா, ஏன் பொய்னு கண்டுபிடிச்சு, அந்தக் காரணத்தைச் சேர்த்துக்கிட்டு மறுபடி தேடும். அந்தக் காரணத்தை இன்டர்போலன்ட் வழியா எடுக்கலாம்னு 2004-ல காட்டினது ‘பிளாஸ்ட்’ குழு. அதுல மெக்மில்லனோட ரஞ்சித் ஜாலா, ரூபக் மஜும்தாரும் இருந்தாங்க.

கடைசியா ஒண்ணு. இந்த நிரூபணம் புரோகிராமுக்கு மட்டும்தான். கேட்டுல இருக்கற சென்சார் ஒரு லாரியை எண்ணாம விட்டா, கூட்டல் சரியா இருக்கும், யார்டுல 41 லாரி நிக்கும். அதனால யாராவது “நிரூபிச்சாச்சு”ன்னு சொன்னா, எதை வச்சு நிரூபிச்சீங்கன்னு கேளுங்க.