குளிரும் புகையில் பிறக்கும் டயாக்சின்

1977ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஓலி, வெர்மியூலன், ஹுட்சிங்கர் ஆகிய வேதியியலாளர்கள், நெதர்லாந்தின் நகராட்சிக் குப்பை உலைகளிலிருந்து எடுத்த பறக்கும் சாம்பலில், அதாவது புகையோடு மேலெழுந்து வடிகட்டிகளில் படியும் நுண்சாம்பலில், டயாக்சின் இருப்பதைக் கண்டறிந்தனர். களைக்கொல்லித் தயாரிப்போடு சேர்த்தே அதுவரை பேசப்பட்டுவந்த நஞ்சு, அன்றாட வீட்டுக் குப்பையை எரித்தாலும் உண்டாகும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இரண்டு பென்சீன் வளையங்களை ஆக்சிஜன் அணுக்கள் பிணைக்க, அவற்றின் ஓரங்களில் குளோரின் அணுக்கள் அமர்ந்த சேர்மங்களே டயாக்சின்கள். இவற்றில் 75 வகைகளும், இவற்றை ஒத்த ஃபியூரான்களில் 135 வகைகளும் உள்ளன. இவ்விரண்டிலுமாகக் கொடியவை 17. அவற்றுள் மிகக் கொடியதான டிசிடிடியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதிசெய்தது.

உலையின் தீ போதிய அளவு சூடாக இல்லாததால்தான் இந்நஞ்சு உருவாகிறது என்று பலரும் கருதுவது பாதி உண்மையே. 850 பாகை செல்சியசுக்கு மேல் இரண்டு விநாடிகளாவது நின்று எரிந்தால் டயாக்சின் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் புகை உலையைவிட்டு வெளியேறி 400இலிருந்து 200 பாகைக்குக் குளிரும் வழியில், சாம்பல் துகள்களில் எரியாமல் எஞ்சிய கரியோடு குளோரினும் ஆக்சிஜனும் வினைபுரிய, குப்பையிலிருந்து வந்த செம்பு அவ்வினையைத் தூண்ட, டயாக்சின் புதிதாகவே உருவாகிறது. ஏறத்தாழ 300 பாகையில் இவ்வினை உச்சம் பெறுவதால், அந்த வெப்பநிலையில் இயங்கிய பழைய மின்வடிகட்டிகள், தூசியைப் பிடிக்க அமைக்கப்பட்டும், தாமே டயாக்சின் விளையும் இடங்களாயின. குளோரின் பிவிசி நெகிழியிலிருந்து மட்டுமல்லாமல், உணவுக் கழிவின் உப்பிலிருந்தும் வருகிறது.

கொழுப்பில் கரையும் டயாக்சின் புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலை அடையும்; 1989இல் ரோட்டர்டாம் அருகிலுள்ள லிக்கபார்ட் மேய்ச்சல் நிலத்துப் பசுக்களின் பாலில் அது மிகுந்திருந்தமைக்கு அருகிலிருந்த குப்பை உலையே காரணமாயிற்று. மனித உடலில் புகுந்ததில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகின்றன.

புகையை விரைந்து குளிர்வித்து, செயலூட்டிய கரித்தூள் தூவி, துணிவடிகட்டியில் செலுத்தும் உலைகள் இந்நஞ்சைப் பெருமளவு பிடித்துவிடுகின்றன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், ஒரு கன மீட்டர் புகையில் நச்சு ஈட்டளவாக (எல்லா வகைகளின் நச்சையும் டிசிடிடியின் நச்சுக்கு ஈடாக மாற்றிக் கூட்டிய அளவாக) 0.1 நானோகிராமை, அதாவது ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை, வரம்பாக வைத்தன. எனினும் சில மணிநேர மாதிரியைக் கொண்டே இது பெரும்பாலும் அளக்கப்படுவதால், உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் மிகுதியாக வெளிவருவது கணக்கில் சேராமல் போகிறது. இக்குறை களையப்படாதவரை வரம்பை மட்டும் காட்டி மக்களுக்கு உறுதியளிப்பது முறையன்று. வடிகட்டியில் பிடிபட்ட நஞ்சும் அழிவதில்லை. சாம்பலிலேயே தங்குவதால் அச்சாம்பலைத் தீங்கான கழிவாகவே கையாள வேண்டும்.

தெருமுனையில் கொளுத்தப்படும் குப்பைக்கோ இவற்றில் எந்தக் காப்பும் இல்லை; ஆதலின் நெகிழி கலந்த குப்பையை வீட்டருகே எரிப்பதை ஒவ்வொருவரும் இன்றே கைவிட வேண்டும்.