வீடு கட்டும்போது வரும் 'எக்ஸ்ட்ரா' பில்

வணிகப் பெருமக்கள் பலர் கடையை நிலைநிறுத்திய பின் செய்யும் முதல் பெரிய செலவு வீடுதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பூமி பூஜை போட்டு வேலை தொடங்குகிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும் வேளையில் 'எக்ஸ்ட்ரா வேலை' என்று தனியாக ஒரு பில் வந்து நிற்கிறது. வங்கிக் கடன் முதலில் கொடுத்த எஸ்டிமேட்டுக்குத்தான். இந்தப் பில்லுக்கு ஆகாது. ஆகவே தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த முதலில் கை வைக்கிறோம்.

பெரும்பாலும் இதில் ஏமாற்று எதுவும் இருப்பதில்லை. "மேஸ்திரி, இந்த ஜன்னலை ரெண்டடி தள்ளி வெச்சிருங்க" என்று நாமே போகிற போக்கில் சொன்னவைதான் பில்லாக வருகின்றன. நம் கொங்குப் பக்கம் பாதி வேலையில் வாஸ்து பார்ப்பது இதற்கு முக்கியக் காரணம். சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துவிட்டுச் சொல்லும் யோசனைகள் அடுத்தது!

வரைபடத்தில் ஜன்னலை நகர்த்த ரப்பர் போதும். சுவர் எழும்பிய பின் என்றால் இடிப்புக் கூலி. ஏழடி மட்டத்தில் லிண்டல் கான்கிரீட் போட்ட பின் என்றால் கம்பி, சென்ட்ரிங், சன்ஷேடு, மறுபூச்சு, இடிபாடு அள்ளும் வண்டி வாடகை என்று நீளும். இடமாற்றம் ஒரே ஜன்னலுக்குத்தான்.

பத்தடி அகலச் சமையலறையை நான்கடி நீட்டினால் 40 சதுர அடி. சதுர அடி 2,500 ரூபாய் என்று பேசியிருந்தால் ஒரு லட்சம். சாமானும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமானால், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற காண்ட்ராக்டர் இதற்கும் 18 சதவீத வரி போடுவார். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிய ஒப்பந்தத்துக்கு அந்த வரி இல்லை.

எழுத்தில் இல்லாததால் கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். அது செல்லாது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால், அதற்கு ஈடு தரவேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. ஆனால் காண்ட்ராக்டர் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கவும் முடியாது. வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்று 1993-ல் நுகர்வோர் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது உண்டு. குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் அடுக்குமாடி போன்ற திட்டங்களில் வாங்குவோருக்கானது. சொந்த மனையில் காண்ட்ராக்ட் விடுவோர் அதை நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு மூட்டை துவரம் பருப்பு கூடுதலாகப் போட்டாலே சிட்டை எழுதுகிறோம். வீட்டுக்கும் அதே கார்பன் புத்தகம் ஒன்று போதும். என்ன மாற்றம், எவ்வளவு தொகை, எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே சுத்தியலைத் தொடவேண்டும். வீட்டில் யார் சொன்னால் மாற்றம் செல்லும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஒருவர் பெயர் மட்டும்.

கழிவைத்தான் பலரும் மறக்கிறார்கள். ரத்தான அலமாரி, போடாத டைல்ஸ், குறைந்த சுவர் இவற்றின் தொகை பில்லில் கழிந்திருக்கிறதா என்று கடைசித் தவணை கொடுக்கும் முன் பார்த்துவிட வேண்டும்.